மதிப்பீட்டுத் தாளில் எண் மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூர் மாவட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான மருத்துவ மதிப்பீட்டு முகாம் நடக்கும்போதெல்லாம் தங்கள் நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் அதைப் பற்றிய செய்தி வருகிறது. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேருக்கு அடையாள அட்டை பரிந்துரைக்கப்பட்டது, எத்தனை பேருக்கு மூன்று சக்கர வண்டியும் காதொலிக் கருவியும் வழங்கப்பட்டன என்ற விவரங்கள் அதில் இருக்கும். எத்தனை பேர் குறைபாட்டின் அளவு 40 விழுக்காட்டுக்குக் கீழே என்று குறிக்கப்பட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள் என்ற எண்ணை மட்டும் நான் இதுவரை கண்டதில்லை. அலுவலகம் தரும் செய்திக்குறிப்பிலேயே அது இருக்காது என்பதால் செய்தியாளர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அடுத்த முகாமின்போது தங்கள் நிருபர் அதைக் கேட்டு வாங்கி வெளியிட்டால், நான் கீழே எழுதுவது யாரைப் பற்றியது என்பது வாசகர்களுக்கு விளங்கும்.

நான் கருவூலத் துறையில் கணக்கராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். காட்பாடியில் வசிக்கிறேன். ஓய்வுக்குப் பின் தெரிந்தவர்களுக்கும், அவர்கள் மூலம் வந்து சேர்பவர்களுக்கும் மனு எழுதித் தருவது வழக்கமாகிவிட்டது. அவற்றில் மாற்றுத்திறனாளி உதவித்தொகை தொடர்பானவை கணிசம். அந்த அனுபவத்திலிருந்து ஒன்றை மட்டும் வற்புறுத்த விரும்புகிறேன்: மதிப்பீட்டை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமையைச் சட்டம் கொடுத்திருக்கிறது, ஆனால் அந்த எண் எப்படி வந்தது என்பதையும், எங்கே முறையிடுவது என்பதையும் மதிப்பீட்டுத் தாள் சொல்லாதவரை அந்த உரிமை ஏட்டளவில்தான் இருக்கும்.

40 என்ற எண்ணின் எடையை முதலில் சொல்லிவிடுகிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, முந்தைய 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 ஆக இருந்த குறைபாட்டு வகைகளை 21 ஆக விரிவாக்கியது. அதே சட்டம், வேலைவாய்ப்பு இடஒதுக்கீடு முதலிய முக்கியச் சலுகைகளுக்கு 40 விழுக்காடு என்ற வாசலையும் வைத்தது. தமிழகத்தில் வருவாய்த் துறை வழியாக வழங்கப்படுவதும், 2023-இல் மாதம் 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டதுமான மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கும் அதுவே எல்லை. இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டத்துக்கோ 80 விழுக்காடு வேண்டும். அதில் மத்திய அரசின் பங்கு 2012 முதல் மாதம் 300 ரூபாய் என்ற இடத்திலேயே நிற்கிறது என்பது வேறு கதை. அட்டையின் நிறம்கூட இந்த எண்ணை வைத்துத்தான்: 40-க்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், அதற்கு மேல் நீலம். 39-க்கும் 41-க்கும் இடையே உடலில் என்ன வேறுபாடு இருக்க முடியும் என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் குடும்ப வரவில் வேறுபாடு உண்டு.

குடியாத்தம் அருகே லுங்கி நெய்யும் ஒருவரின் வழக்கைச் சொல்கிறேன். இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கி இடது கால் சூம்பியவர். குழித்தறியில் மிதியை வலது காலால் மட்டுமே மிதித்துப் பழகி, அதிலேயே பல ஆண்டுகள் பிழைத்தவர். சில ஆண்டுகளுக்கு முன் பேருந்துப் படியிலிருந்து விழுந்ததில் வலது தோள் எலும்பு முறிந்து, கை தோளுக்கு மேல் எழவில்லை. நாடா இழுக்கும் கை அது என்பதால் தறியும் நின்றது. பழைய சட்டத்தின்கீழ் பெற்ற 45 விழுக்காட்டுச் சான்றிதழ் அவரிடம் இருந்தது. 'நிரந்தரம்' என்றே அதில் எழுதியிருக்கிறது. யு.டி.ஐ.டி. எனப்படும் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டைக்கு மாற வேண்டும் என்று சொல்லி மதிப்பீட்டுக்கு அழைத்தார்கள். போனார். தாளில் 36 என்று எழுதிக் கொடுத்தார்கள். "சார், கை உடைஞ்சப்புறம் பர்சன்டேஜ் ஏறணும்தானே, எப்படி எறங்கிச்சி?" என்பதுதான் என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி. ஓய்வூதியம் நின்ற பிறகுதான் வந்தார் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அவரது மதிப்பீட்டுப் பணித்தாளின், அதாவது ஒவ்வொரு அளவையும் குறித்துக்கொள்ளும் தாளின், நகலை அவர் பெயரிலேயே கேட்டோம். தன்னைப் பற்றிய மருத்துவப் பதிவைத் தானே கேட்பவருக்குத் தனிநபர் தகவல் என்ற காரணத்தைச் சொல்லி மறுக்க இயலாது, நகல் வந்தது. காலுக்கான பக்கத்தில் மூட்டுகளின் அசைவும் தசை வலுவும் எழுதப்பட்டிருந்தன. நிலைத்தன்மைச் சோதனைக்கான ஒன்பது வரிகளும் ஒரே அடைப்புக்குறியால் வளைக்கப்பட்டு, பக்கத்தில் ஒற்றை எண் இருந்தது. கைக்கான பக்கம் முழுவதும் வெறுமையாக இருந்தது. ஒரு கோடுகூட இல்லை. உடன் போயிருந்த அவர் மனைவியிடம் விசாரித்தபோது, குந்தி உட்காரவோ படியேறவோ சொல்லவில்லை, சட்டையைக் கழற்றச் சொல்லவே இல்லை என்றார்.

அந்த ஒன்பது வரிகள் என்னவென்று பெரும்பாலோருக்குத் தெரியாது. மத்திய அரசு 2018 ஜனவரியில் வெளியிட்ட மதிப்பீட்டு வழிகாட்டியில், காலின் நிலைத்தன்மையை அளக்க ஒன்பது செயல்கள் சொல்லப்பட்டுள்ளன: சமதரையில் நடத்தல், சரிவில் நடத்தல், படியேறுதல், இரு காலிலும் நிற்றல், பாதிக்கப்பட்ட காலில் மட்டும் நிற்றல், குந்துதல், சம்மணமிடுதல், முழந்தாளிடுதல், திரும்புதல். ஒவ்வொன்றுக்கும் 10 வீதம் மொத்தம் 90. நம் ஊர் வாழ்க்கையை நினைத்துத்தான் குந்துவதையும் சம்மணமிடுவதையும் சேர்த்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். மேசை நாற்காலியை மட்டும் அறிந்தவர்கள் எழுதியிருந்தால் அவை இடம்பெற்றிருக்காது. நல்ல வழிகாட்டிதான். ஆனால் நாற்காலியில் உட்காரவைத்தபடியே பார்த்து அனுப்பினால் ஒன்பதில் எத்தனையைச் சோதித்திருக்க முடியும்?

கைப்பக்கம் வெறுமையாக விடப்பட்டதன் விளைவு இன்னும் கூர்மையானது. இரண்டு உறுப்புகளில் குறைபாடு இருந்தால் இரண்டு எண்களையும் அப்படியே கூட்டுவதில்லை. பெரிய எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு, 90-இலிருந்து பெரிய எண்ணைக் கழித்து வருவதைச் சிறிய எண்ணால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, கிடைப்பதைப் பெரிய எண்ணோடு சேர்க்க வேண்டும். காலுக்கு 36 என்றே வைத்துக்கொள்வோம். கைக்கு வெறும் 12 வந்திருந்தாலும் கணக்கு இப்படிப் போகும்: 90-இல் 36 போக 54; அதை 12-ஆல் பெருக்க 648; 90-ஆல் வகுக்க 7.2, மொத்தம் 43.2. அதாவது அந்தத் தோளை ஒருமுறை தூக்கிப் பார்த்துக் கோணத்தைக் குறித்திருந்தால், அவர் எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்திருக்கக்கூடும். தோளுக்கு 12 வரும் என்று சொல்ல நான் மருத்துவன் அல்லன். அளக்காத இடத்தில் பூஜ்யம் போடக் கூடாது என்று சொல்வதற்கு மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை.

கருவூலத்தில் ஒரு பட்டியலைத் திருப்பி அனுப்பினால் ஆட்சேபணைக் குறிப்பு எழுதாமல் அனுப்ப முடியாது. எந்த விதியின்படி எந்தத் தொகை ஏற்கப்படவில்லை என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். எழுதிய குறிப்பு தவறென்றால் அது நம் தலையில்தான் விடியும். சில நூறு ரூபாய்ப் பயணப்படிக்கு இந்த ஒழுங்கு இருக்கும்போது, ஒரு மனிதரின் மாத வருமானத்தைத் தீர்மானிக்கும் தாளில் ஓர் எண்ணும் ஒரு முத்திரையும் மட்டும் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இதற்குச் சட்டத்தில் வழியே இல்லை என்று யாரும் எண்ண வேண்டாம். சான்றிதழ் பெறத் தகுதியில்லை என்று முடிவு செய்தால் காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மத்திய விதிகளே கூறுகின்றன. ஆனால் இதில் ஒரு சந்து இருக்கிறது. 36 விழுக்காடு பெற்றவருக்குச் சான்றிதழ் மறுக்கப்படவில்லை அல்லவா? வெள்ளை அட்டை கிடைக்கிறது. ஆகவே அலுவலகத்தின் கணக்கில் அவர் மறுக்கப்பட்டவர் அல்லர். காரணம் எழுதித் தரவேண்டிய கடமையும் எழவில்லை என்று இருந்துவிடுகிறார்கள். உதவித்தொகையை இழந்தவருக்கோ அது மறுப்பேதான். இந்த இடத்தில்தான் சட்டத்தின் 59-ஆவது பிரிவைப் பார்க்க வேண்டும். சான்றளிக்கும் அதிகாரியின் முடிவால் பாதிக்கப்பட்ட எவரும், மாநில அரசு குறித்துள்ள மேல்முறையீட்டு அதிகாரியிடம் முறையிடலாம் என்று அது பொதுவாகச் சொல்கிறது. முழுமையாக மறுக்கப்பட்டவர் மட்டும் என்று அது குறுக்கவில்லை. விழுக்காடு குறைவாகக் குறிக்கப்பட்டதும் ஒரு முடிவுதான்.

நடைமுறையில் மக்கள் எங்கே போகிறார்கள்? சத்துவாச்சாரியில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்துக்குப் போகிறார்கள். பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை போன்ற மலையூர்களிலிருந்து விடியலில் கிளம்பி வருகிறவர்களும் உண்டு. மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு கிடைக்கும்; கைபேசியில் எண் வரும். பின் அந்த மனு உரிய அலுவலருக்கு என்று அனுப்பப்பட்டு, சுற்றி வந்து, எந்த மதிப்பீட்டை எதிர்த்து எழுதப்பட்டதோ அதைச் செய்தவர்களின் மேசையிலேயே இறங்கும். 'மருத்துவக் குழுவின் மதிப்பீட்டின்படி மனுதாரர் தகுதி பெறவில்லை' என்ற ஒரு வரிப் பதிலுடன் மனு முடிக்கப்படும். இது யாருடைய தீய எண்ணமும் அல்ல. குறைதீர் மனுவும் சட்டப்படியான மேல்முறையீடும் ஒன்றல்ல என்பதை மனுதாரருக்கு யாரும் சொல்லாததன் பலன்.

மனுக்களின் மொழியும் இதற்கு உடந்தை. நம் ஊரில் மனு என்றாலே, 'ஐயா அவர்கள் கருணை கூர்ந்து, ஏழையாகிய எனக்கு வாழ்வளிக்க வேண்டும்' என்றுதான் தொடங்குகிறது. வாசலில் உட்கார்ந்து எழுதித் தருபவர்களும் அதையே எழுதுகிறார்கள். கருணை கேட்கும் மனுவுக்கு இரக்கமான ஒரு பதில் போதும். 'வலது தோள் மூட்டு அளக்கப்படவில்லை. நிலைத்தன்மைச் சோதனைகள் தனித்தனியே செய்யப்படவில்லை. இரு உறுப்புகளின் எண்களும் சூத்திரப்படி இணைக்கப்படவில்லை' என்று எழுதினால் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். அதோடு பழைய சான்றிதழின் நகல், எக்ஸ்ரே, அறுவை நடந்திருந்தால் மருத்துவமனை தரும் வெளியேற்றச் சுருக்கம் (டிஸ்சார்ஜ் சம்மரி) ஆகியவற்றை இணைக்க வேண்டும். 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பெற்ற சான்றிதழ் அதில் குறித்துள்ள காலம்வரை செல்லும் என்று 2017 விதிகளில் இருப்பதையும் எழுத வேண்டும். நெசவாளரின் மனுவில் அதை முதல் பத்தியிலேயே வைத்தோம். வறுமையைச் சொல்லக் கூடாது என்பதல்ல. அது கடைசிப் பத்தியில் வரட்டும்.

அளக்கத் தெரியாத ஊர் அல்ல இது என்பதால்தான் எனக்கு ஆதங்கம் கூடுகிறது. 1940-களின் இறுதியில் மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தத் தொடங்கியது வேலூரில். கரிகிரி தொழுநோய் ஆய்வு மையம் 1955 முதல் பக்கத்திலேயே இருக்கிறது. 1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்து, 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் தொடங்கக் காரணமானார். தொழுநோய் குணமான ஒருவரின் கை பார்வைக்கு முழுமையாக இருந்தாலும் சூடு தெரியாது, முள் குத்துவது தெரியாது என்பதை உலகத்துக்கு விளக்கியவர்கள் இங்கேதான் இருந்தார்கள். அரசு வழிகாட்டியும் கைக்கு மூன்று பகுதிகளைத் தனித்தனியே வைத்திருக்கிறது: பிடிக்கும் திறன், உணர்ச்சி, வலு, ஒவ்வொன்றுக்கும் 30. 'விரலை மடக்கு, நீட்டு' என்று பார்த்துவிட்டு அனுப்பினால் நடுவில் உள்ள 30 காணாமல் போகும். அடுப்பில் கை வெந்ததே தெரியாமல் சோறு வடித்த ஒரு மூதாட்டிக்கும் மனு எழுதியிருக்கிறேன். அவர் கைகளின் தழும்புகளே போதிய சான்று.

மனநலப் பாதிப்புகளில் நிலை இன்னும் நுட்பமானது. அதற்கான அளவுகோல் தன்னைப் பராமரித்துக்கொள்ளுதல், பிறரோடு பழகுதல், பேசிப் புரிந்துகொள்ளுதல், வேலை ஆகியவற்றைக் கேட்கிறது. இவற்றை உடனிருக்கும் தாயிடமோ மனைவியிடமோ கேட்காமல், மருந்தின் பலத்தில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் அந்தச் சில நிமிடங்களை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் என்ன கிடைக்கும்?

மருத்துவர்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒரே நாளில் நீண்ட வரிசையைப் பார்த்து முடிக்க வேண்டிய நெருக்கடியில் அவர்கள் இருக்கிறார்கள். போலிச் சான்றிதழ் பற்றிய செய்திகள் 2024-இல் நாடெங்கும் பரபரப்பானதிலிருந்து, தாராளமாக எழுதினால் நாளை விசாரணை வருமோ என்ற தயக்கமும் சேர்ந்திருக்கிறது. '40 போட்டுத் தருகிறேன்' என்று சொல்லிப் பணம் பறிக்கும் இடைத்தரகர்கள் இருப்பதும் உண்மை. ஆனால் இவை அனைத்தும் என் கோரிக்கைக்கு வலு சேர்ப்பவையே. ஒவ்வொரு மூட்டுக்கும் ஒவ்வொரு சோதனைக்கும் எதிரே எண் எழுதப்பட்டு, அதன் நகல் மனுதாரருக்கும் கொடுக்கப்பட்டால், தகுதியற்றவருக்குக் கூட்டிப் போடுவதும் கடினம். நேர்மையாக எழுதிய மருத்துவருக்கு அதுவே பாதுகாப்பு. 2024 அக்டோபரில் மருத்துவப் படிப்பில் சேர விரும்பிய மாணவர் ஒருவரின் வழக்கில், இயலாது என்று முடிவு செய்யும் மதிப்பீட்டுக் குழு அதற்கான காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அது சேர்க்கை பற்றிய வழக்கு என்றாலும், காரணம் சொல்ல வேண்டியது உதவித்தொகை மதிப்பீட்டுக்குப் பொருந்தாது என்று யார் வாதிட முடியும்?

ஆகவே நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல. மதிப்பீட்டுத் தாளோடு பணித்தாளின் நகலை அன்றே கொடுங்கள். அதன் பின்புறத்தில் மேல்முறையீட்டு அதிகாரியின் பதவிப் பெயர், முகவரி, முறையிட வேண்டிய காலவரம்பு ஆகியவற்றைத் தமிழில் அச்சிடுங்கள். கூடவே இரண்டு செய்திகளும் அதில் இருக்கட்டும். ஒன்று, சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987-இன்படி மாற்றுத்திறனாளிகள் வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி பெறலாம். அதற்கான மாவட்ட ஆணைக்குழு சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது, ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு வருகிறவர் சற்று நடந்தால் போதும். மற்றொன்று, மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் உரிமை மறுப்புப் புகார்களை விசாரிக்கலாம். அவர் பரிந்துரைத்தால், எடுத்த நடவடிக்கையைச் சம்பந்தப்பட்ட அலுவலகம் மூன்று மாதத்துக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

இன்னொன்று பணம் சம்பந்தப்பட்டது. என் பழைய தொழில் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். ஏற்கெனவே உதவித்தொகை பெற்று வருபவரின் விழுக்காடு மறு மதிப்பீட்டில் குறைந்தால், மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரையிலும், முறையிட்டிருந்தால் அது முடிவாகும்வரையிலும், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் உதவித்தொகையை நிறுத்தக் கூடாது என்று அரசு ஆணையிட வேண்டும். அதுவரை, நிறுத்தப்பட்டபின் மேல்முறையீட்டில் வென்றவர்களுக்கு நிறுத்திய மாதத்திலிருந்தே நிலுவையைக் கணக்கிட்டுத் தர வேண்டும். குடியாத்தம் நெசவாளரின் மேல்முறையீடு இன்னும் நிலுவையில் இருக்கிறது. தறியை விற்கலாமா என்று போன வாரம் அவர் கேட்டார். மறு மதிப்பீட்டுக்கு அழைப்பு வரும்வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற கருவூலக் கணக்கர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.